போலி வாள்

பத்தாண்டு நிறைவு விழாவில் பேசுவதற்குக் கவிதையும் காவியமும் இருக்க, கூடத்தில் அழகுக்காக வைக்கும் ஒரு ஜப்பானிய வாளின் நகலைப் பேசுபொருளாக எடுப்பானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பொருள் சிறியதுதான். ஆயினும் 'போலி' என்ற ஒரு சொல்லை நிறுத்துப் பார்க்க அதைவிட நல்ல தராசு கிடைப்பது அரிது.

போலி என்றவுடன் முகம் சுளிப்பது உலக வழக்கம். நன்னூலார் அப்படிச் சுளிக்கவில்லை. மஞ்சு மைஞ்சு ஆகும். அமச்சு அமைச்சு ஆகும். நிலம் நிலன் ஆகும். ஓர் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து அமர்ந்துகொள்கிறது. பொருள் சிறிதும் கெடவில்லை. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என இடமறிந்து பெயரிட்டு இலக்கணம் அவற்றைத் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. கடைத்தெருவில் வழங்கும் போலி வேறு. அங்கே போலி என்றால் ஏமாற்று. ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு பொருளும் குடியிருக்கின்றன. கட்டானா என்னும் ஜப்பானிய வாளின் நகலைக் கையில் எடுப்பவர், இவற்றுள் எந்தப் பொருளில் அதைப் போலி என்பது எனத் திகைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பொருளைப் பார்ப்போம். மெருகேற்றிய மரத் தாங்கியின்மேல், வெட்டுவாய் மேல்நோக்கியிருக்க, கைப்பிடி பார்ப்பவரின் இடப்பக்கம் அமைய, அது கிடக்கும். வலக்கை வழக்கமுள்ளவன் பாய்ந்து உருவ இயலாதபடி கைப்பிடியை இடப்பக்கம் வைப்பதே அமைதிக்காலத்து முறை என்று அதற்கு விளக்கம் சொல்வர். மூல வாளின் உறை ஹோ என்னும் மக்னோலியா வகை மரத்தில் குடைந்து அரக்கு மெருகு பூசியது. கைப்பிடி மரத்தின்மேல் திருக்கை மீனின் சொரசொரத்த தோல். அதற்கு மேல் சாய்சதுரக் கண்கள் தோன்றும்படி இறுக்கிச் சுற்றிய பட்டு நாடா. நகலில் மரம் மலிவாகும், பட்டு பருத்தியாகும், மீன்தோல் பிளாஸ்டிக் ஆவதும் உண்டு. அலகோ துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பு. மேலே பளபளப்பான முலாம். ஜப்பானுக்கு வெளியே, துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் செய்து குறைந்த விலைக்கு விற்பவையும் ஏராளம்.

எட்ட நின்று பார்ப்பவருக்கு வேற்றுமை தெரியாது. தெரியும் இடங்கள் இரண்டு. ஒன்று கைப்பிடிக்குள் மறைந்திருப்பது. மூல வாளில் அலகே நீண்டு அடிக்காம்பாகிக் கைப்பிடிக்குள் புகுந்திருக்கும். ஒரு சிறிய மூங்கில் ஆணிதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஆணியைத் தட்டி எடுத்துவிட்டால் அடிக்காம்பு வெளிப்படும். கொல்லன் தன் பெயரை உளியால் பொறிப்பது அங்கேதான். அந்தப் பகுதியை யாரும் துலக்குவதில்லை. ஏறிய துருவை அப்படியே விட்டுவைப்பார்கள். வாளின் வயதை அறிவதற்கு அந்தத் துருவின் நிறமும் ஒரு சான்று. மலிவான சுவர் வாளில் இந்த இடத்தில் ஒட்டவைத்த மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். சுவருக்கென்று செய்ததை விளையாட்டாகச் சுழற்றினால் அந்த ஒட்டு விட்டு அலகு பறந்துபோகும். கூரில்லாத வாளும் ஆபத்தானது என்பது அப்போதுதான் தெரியவரும்.

மற்றோர் இடம் அலகின் ஓரம். அங்கே வெண்மையாக ஓர் அலைக்கோடு ஓடும். ஜப்பானியர் அதனை ஹமோன் என்பர். சில வாள்களில் அது நேர்கோடு, சிலவற்றில் கடலலை, சிலவற்றில் கிராம்பு மொட்டுகளை அடுக்கினாற் போன்ற வடிவம். வாளின் அழகு முழுவதும் அங்கே குடிகொண்டிருப்பதாகக் கருதுவோர் உண்டு. அந்தக் கோடு எப்படி வருகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

ஷிமானே மாநிலத்து ஒக்குயிசுமோவில் ததாரா என்னும் களிமண் உலை ஒன்று குளிர்காலத்தில் எரியும். போருக்குப் பின் நின்றுபோயிருந்த அந்த உலைத் தொழிலை ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் 1977இல் மீண்டும் தொடங்கியது. மூன்று பகலும் மூன்று இரவும் இடைவிடாது இரும்பு மணலையும் மரக்கரியையும் மாறிமாறி இட்டு எரிக்கிறார்கள். சுமார் 10 டன் மணலும் 12 டன் கரியும் உள்ளே போனால் 2.5 டன் அளவுக்கு ஒரு பாளம் விளைகிறது. அதை எடுப்பதற்கு உலையையே உடைத்தாக வேண்டும். பாளத்தில் வாளுக்கு ஆகும் நல்ல எஃகு ஒரு பங்குதான். அதைக் கொல்லன் காய்ச்சி, அடித்து, மடித்து, மீண்டும் அடிக்கிறான். பத்துப் பதினைந்து மடிப்பில் அடுக்குகள் ஆயிரக்கணக்காகிவிடும்.

அலகு உருவான பிறகு அதன்மேல் களிமண் குழம்பு பூசப்படுகிறது. முதுகில் தடிப்பாக, வெட்டுவாயில் மெல்லியதாக. பட்டறையை இருட்டாக்கிவிட்டு, நெருப்பின் நிறம் ஒன்றையே துணையாகக் கொண்டு பழுக்கக் காய்ச்சி, நீரில் தோய்க்கிறான். மண் மெல்லிய இடம் நொடியில் குளிர்ந்து இறுகிக் கடினமாகிறது. மண் தடித்த முதுகு மெல்லக் குளிர்ந்து நெகிழ்வோடு நின்றுவிடுகிறது. கடினமான பகுதி சற்றே விரிவதால் அலகு தானாக முதுகுப்புறம் வளைகிறது. கட்டானாவின் புகழ்பெற்ற வளைவில் பெரும்பங்கு நீருக்குள் பிறந்தது. இரண்டு இயல்புகளும் சந்திக்கும் எல்லையில் படிவதுதான் ஹமோன். சில வேளை அதே நொடியில் வாய் விரிசல் கண்டு, பல நாள் உழைப்பும் வீணாகிப் போகும். அந்த அலைக்கோடு, வாள் பிளவாமல் தப்பியதற்குச் சாட்சி.

நகலில் இந்தக் கோடு அமிலத்தால் அரித்தோ, கம்பித் தூரிகையால் தேய்த்தோ, மணலை வீசியோ போடப்படுகிறது. கோடு அழகாகவே இருக்கும். பல சமயம் மூலத்தைவிடத் தெளிவாகவும் இருக்கும். நடக்காத ஒன்றின் தழும்பு அது. கவிஞர்கள் இவ்விடத்தில் ஒரு கணம் நின்றுவிட்டுச் செல்வது நல்லது. கண்ணீர் வராமலே கண்ணீர்க் கோட்டை வரைந்துவிடும் வித்தையை வாள் வணிகர்கள் மட்டும் அறிந்திருக்கவில்லை.

ஆனால் மூலத்தின் பக்கமும் முழுத் தூய்மை இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வாளைத் தீட்டுபவர் கற்களை ஒவ்வொன்றாக மாற்றி நாட்கணக்கில் தேய்த்துக் கடைசியில், விரல் நுனியில் ஒட்டிய மெல்லிய கல்துண்டால் அந்தக் கோட்டை ஒட்டி வெண்மையை எடுத்துக்காட்டுகிறார். அருங்காட்சியகக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பலர் வியப்பது அந்த வெண்மையைத்தான். உண்மையான எல்லையைக் காண வாளை விளக்கொளிக்குச் சாய்த்துத் திருப்ப வேண்டும். அப்போது வெண்மைக்குள்ளே மூடுபனி போல் வேறொரு கோடு மின்னி மறையும். மூல வாளும் தன் மெய்யை ஓர் ஒப்பனைக்குப் பின்னே வைத்திருக்கிறது. இருந்தாலும் திருப்பிப் பார்த்தால் அங்கே ஒன்று இருக்கிறது. நகலில் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே ஒப்பனைதான்.

இனிச் சட்டம். 1588இல் டொயோட்டோமி ஹிடெயோஷி குடியானவர்களிடமிருந்த வாள்களையெல்லாம் பறிக்க ஆணையிட்டபோது, அந்த இரும்பு கியோத்தோவில் எழும் பெரும் புத்தர் ஆலயத்துக்கு ஆணியாகும் என்று காரணம் சொல்லப்பட்டது. பிறகு இரண்டு வாள் தரிப்பது சாமுராய் வகுப்பின் அடையாளமாயிற்று. 1876இல் அந்த உரிமையும் நீங்கியது. இரண்டாம் உலகப்போரில் தோற்றபின் நேச நாட்டுப் படை நாடெங்கும் வாள்களைப் பறிமுதல் செய்தது. உருக்கியவை பல, கடலில் எறிந்தவை பல, சிப்பாய்களின் பெட்டிகளில் அமெரிக்கா போனவை பல. தோக்கியோவின் அகாபானே கிடங்கில் குவிந்தவற்றுள் கலைமதிப்புடையவை என்று சுமார் 5,500 பிரிக்கப்பட்டுத் தப்பின. அவற்றுள் பெரும்பாலானவை தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் அரை நூற்றாண்டு காத்திருந்து, 1999இல் நாட்டிலுள்ள பல பொது அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன.

1958ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ளது. மரபு முறையில் அடித்த வாளுக்குப் பதிவுச் சீட்டு உண்டு. அந்தச் சீட்டு உடையவருக்கு உரியதாக இல்லாமல் வாளுக்கே உரியதாக இருக்கிறது. வாள் கைமாறினால் சீட்டும் கூடவே போகும். மரபு முறையில் பிறக்காத எஃகு வாளுக்கு இச்சீட்டு இல்லை. கூர் இல்லை என்று சொல்லியும் பயனில்லை. போர்க்காலத்தில் ஆலைகளில் ஆயிரக்கணக்கில் செய்து அதிகாரிகளின் இடுப்பில் கட்டி அனுப்பிய வாள்களுக்கும் இதே கதி. அவை மனிதரைக் கொன்ற வாள்கள். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் கலைவாள் என்ற தகுதி அவற்றுக்கு இல்லை. நகல் வாள்கள் துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் பிறக்கக் காரணம் இதுவே. அந்த உலோகத்தில் கூர் நிற்காது. அப்படியும், உலோகத்தாலாகி வாளின் தோற்றம் கொண்ட எதையும் தக்க காரணமின்றி வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்கிறது அதே சட்டம்.

பிரிட்டனில் இதைவிட வேடிக்கை. மலிவான சாமுராய் வாள்களால் வெட்டுக்குத்துகள் நடந்ததை அடுத்து, 50 சென்டிமீட்டருக்குக் குறையாத வளைந்த வாள்களை விற்பதும் இறக்குமதி செய்வதும் 2008இல் அங்குத் தடை செய்யப்பட்டன. மரபு முறையில் கையால் செய்தவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆளை இரண்டாக வகிரக்கூடிய வாள் கலைப்பொருள் என்று உள்ளே வர, அலங்காரத்துக்கென்று செய்த நகல் ஆயுதம் என்று வாசலில் நிறுத்தப்பட்டது. சட்டம் பைத்தியக்காரத்தனமானது என்று சொல்லிவிட முடியாது. விலையுயர்ந்த வாளை எவனும் தெருச்சண்டைக்கு எடுப்பதில்லை.

இதுவரை சொன்னது சேகரிப்பவர்களின் போலி. ஆனால் போலி வாள் முதன்முதலில் செல்வர் கூடத்துக்காகப் பிறந்ததன்று. அது வறுமையின் பிள்ளை. போர் ஓய்ந்த எதோ காலத்தில் தலைவனை இழந்து, ஊதியம் இழந்து அலைந்த சாமுராய்கள் பலர். பசி முற்றியபோது அவர்கள் அலகை மட்டும் உருவி அடகு வைத்தார்கள் அல்லது விற்றார்கள். வெற்று உறைக்குள் மூங்கில் பட்டையைச் செருகிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். இடுப்பில் இரண்டு கைப்பிடிகள் தெரிந்தால் மானம் காக்கப்பட்டது. இந்த மூங்கில் வாளுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் தாகேமிட்சு. தாகே என்றால் மூங்கில். மிட்சு என்பது நாகமிட்சு, கானேமிட்சு என்று புகழ்பெற்ற கொல்லர் பெயர்களின் ஈறு. 'மூங்கில்மிட்சு என்ற பெருங்கொல்லன் அடித்த வாள்' என்ற நையாண்டி அது. பெயரில் சிரிப்பு இருக்கிறது. சிரித்தவன் வயிறு நிறைந்தவனாக இருந்திருப்பான்.

மசாக்கி கோபயாஷி 1962இல் எடுத்த 'செப்புக்கு' என்ற திரைப்படம் இந்த மூங்கில் வாளைத்தான் நடுவில் வைத்திருக்கிறது. மேலைநாடுகளில் 'ஹராகிரி' என்ற பெயரில் அறியப்பட்ட படம். (அதற்கு இசையமைத்தவரின் குடும்பப் பெயரும் ஒலியளவில் தாகேமிட்சுதான், எழுத்து வேறு, பொருள் வேறு. தற்செயல் சில வேளை கவிஞனைவிடத் திறமையாக வேலை செய்கிறது.) கதை நிகழும் ஆண்டு 1630. ஈயி என்ற பெருங்குடியின் மாளிகைக்கு மொட்டோமே என்ற இளைஞன் வருகிறான். வாழ வழியில்லை, இம்முற்றத்தில் மானத்தோடு வயிறு கிழித்து உயிர்விட இடம் தருக என்கிறான். இப்படிக் கேட்பவர்களுக்குச் சில காசு கொடுத்து அனுப்பிவிடுவது சில வீடுகளில் வழக்கமாகியிருந்தது. அவனும் அதை நம்பித்தான் வந்தான். மாளிகையார் அவன் வாளை உருவிப் பார்க்கிறார்கள். உள்ளே மூங்கில். சாமுராயின் ஆன்மாவையே விற்றவன் என்று எள்ளி, நீ கேட்டபடியே செய், உன் வாளாலேயே செய் என்கிறார்கள். ஓரிரு நாள் தவணை கேட்கிறான். மறுக்கிறார்கள். வயிற்றுக்குள் புகாத மூங்கிலைத் தரையில் ஊன்றி, தன் உடலின் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்க்கிறான். அந்தக் காட்சியைக் கண்டவர்கள் அதை மறப்பதில்லை.

அவன் ஏன் விற்றான் என்பது பின்னால் தெரிகிறது. வீட்டில் நோயுற்ற மனைவி, காய்ச்சலில் கிடக்கும் குழந்தை. அவன் மாமனாராகிய ஹன்ஷிரோ பின்னொரு நாள் அதே முற்றத்துக்கு வந்து அமர்ந்து கதை சொல்கிறான். மருமகன் வாளை விற்றுவிட்டதை அறிந்த கணத்தில் ஹன்ஷிரோவுக்குத் தன் வாள் நினைவுக்கு வருகிறது. அதே வறுமையில் உழன்றும், அதை விற்கும் எண்ணமே அவனுக்குத் தோன்றவில்லை. மூங்கிலை வைத்திருந்தவன் குழந்தையைக் காக்க முயன்றான். எஃகை வைத்திருந்தவன் எஃகைக் காத்தான். ஹன்ஷிரோவைக் குத்துவது இதுதான். படம் தொடங்குவதும் முடிவதும் அம்மாளிகையின் மூதாதையர் கவசத்தில். உள்ளே ஆளில்லாத கவசம் அது; வீட்டார் அதைத் தொழுகிறார்கள். ஹன்ஷிரோ அதைச் சாய்த்துப் போடுகிறான். அவன் இறந்தபின் அது தூக்கி நிறுத்தப்பட்டுப் பழைய இடத்திலேயே வைக்கப்படுகிறது. நடந்தவற்றை மாளிகையின் நாட்குறிப்பு வேறு விதமாக எழுதிக்கொள்கிறது. ஆக, அந்த வீட்டில் போலி எது என்று கேட்டால் மூங்கிலைக் காட்டுவது கடினம். மூங்கில் தன்னை எஃகு என்று சொல்லிக்கொண்டதும் மானம் என்ற ஒன்றை ஊர் கேட்டதால்தான்.

காட்சிப் படைக்கலத்தின் பெருமையை ஐயுற்றவர்களில் அவ்வையும் ஒருவர் என்பதை இந்த அவைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அதியமானின் தூதாகச் சென்ற அவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியதும், அங்கே அணிசெய்யப்பட்டுப் பளபளத்தவற்றைப் புகழ்வதுபோல் புகழ்ந்து, கொல்லன் கூடத்தில் முறிந்து கிடந்தவற்றின் பக்கம் அவர் நின்றதும் புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதற்கு வகுத்த துறை வாண்மங்கலம். அவ்வை தொண்டைமானுடைய படைக்கலங்களைப் போலி என்று சொல்லவில்லை. அவை மெய்யான படைக்கலங்கள். வேலை இல்லாதவை, அவ்வளவே.

நன்னூலாரின் போலிக்குத் திரும்பலாம். ஜப்பானிய வாட்கலையில் 'உட்சுஷி' என்றொரு வழக்கு உண்டு. முன்னோர் அடித்த ஒரு வாளை எடுத்துக்கொண்டு, அதன் நீளம், வளைவு, அலைக்கோடு அனைத்தையும் பின்பற்றிப் புதிய வாள் அடிப்பது. இதை அங்கு யாரும் இழிவாகக் கருதுவதில்லை. தேர்ந்த கொல்லர்களே மேற்கொள்வர். அடிக்காம்பில் தன் பெயரைப் பொறித்துவிட்டால் அது உட்சுஷி. முன்னோன் பெயரைப் பொறித்தால் கள்ளப் பெயர். உலை அதே, உழைப்பும் ஏறத்தாழ அதே. உளி எழுதும் இரண்டு மூன்று எழுத்துகளில் எல்லாம் தலைகீழாகிறது. ஈசே பெருங்கோயிலில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை கோயிலையே பெயர்த்துப் புதிதாகக் கட்டும்போது, திருவுடைமைகளும் பழைய அளவிலேயே புதிதாகச் செய்யப்படுகின்றன. வாள்களும் அவற்றுள் அடங்கும். 2013இல் நிகழ்ந்தது 62ஆம் முறை. அங்கே மூலம் எது, நகல் எது என்ற கேள்விக்கே இடமில்லை.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று. கியூஷூ தீவிலுள்ள அசோ கோயிலில் ஹோத்தாருமாரு என்றொரு பெருவாள் இருந்தது. ஹோத்தாரு என்றால் மின்மினி. 1297ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட அந்த வாளை 1336இல் தத்தாராஹாமா போரில் ஏந்திய அசோ கொரேசுமி தோற்றுத் திரும்பினான். வாளின் வாய் எங்கும் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது. அன்றிரவு மின்மினிகள் திரண்டு வந்து அலகின்மேல் மொய்ப்பதாகக் கனவு கண்டான். விழித்துப் பார்த்தால் பெயர்ந்த இடங்களெல்லாம் கூடியிருந்தன. பெயரும் அதனால் வந்தது என்பது வழிவழிச் செய்தி. அந்த வாள் 1945க்குப் பின் நிகழ்ந்த பறிமுதலில் காணாமல் போயிற்று. உருக்கினார்களோ, கடலில் எறிந்தார்களோ, யாருக்கும் தெரியாது.

2015இல் அதை மீண்டும் அடிக்கப் பொதுமக்களிடம் நிதி கேட்கப்பட்டது. கேட்ட அளவுக்கு மேல் பன்மடங்கு குவிந்தது. பழைய வாள்களை மனித உருவில் காட்டும் ஒரு கணினி விளையாட்டு அவ்வாண்டில்தான் வெளிவந்திருந்தது. அதன் வழியே வாள்மேல் காதல் கொண்ட இளம்பெண்கள் நிதி தந்தவர்களில் மிகுதி. பழங்கலை அறிஞர்கள் சிலர் இதைக் கேட்டுப் புன்னகைத்திருக்கலாம், பணம் வந்தது என்னவோ அவர்களிடமிருந்துதான். பதிவுகளில் எஞ்சியிருந்த உருவையும் அளவையும் ஆதாரமாகக் கொண்டு வேலை நடந்துகொண்டிருக்கையில், 2016 ஏப்ரலில் குமமோத்தோ நிலநடுக்கம் அசோ கோயிலின் கோபுர வாயிலையும் வழிபாட்டு மண்டபத்தையும் சாய்த்தது. 2017இல் புதிய ஹோத்தாருமாரு அந்தக் கோயிலுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. வாயில் முழுமையாக எழுந்து நின்றது 2023 இறுதியில்தான். கோயில் இடிந்து கிடந்தபோது நகல் வாள் அங்குப் போய்ச் சேர்ந்தது.

கோயிலுக்கென்று வாள் அடிக்கும் கொல்லன் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதில்லை. இரண்டோ அதற்கு மேலோ அடித்து, தேர்ந்ததைக் காணிக்கையாக்குவது மரபு. அதற்கு ஷின்உச்சி என்று பெயர், மெய்யடி எனலாம். எஞ்சியது காகேஉச்சி, நிழலடி. இரண்டும் ஒரே எஃகு, ஒரே கை, ஒரே நெருப்பு. தேர்ந்தெடுத்த கண்தான் பிரித்தது. நிழல் வாளுக்குத் திருவிழா இல்லை. அது கொல்லன் பட்டறையிலேயே தங்கிவிடுவதும், அடிக்காம்பில் பெயர் பொறிக்கப்படாமலே இருந்துவிடுவதும் உண்டு.